லாராவெல் தளத்தில் ஸ்டைல்ஷீட்டும் ஸ்கிரிப்டும் ஏறும் வரிசை: முழுமையான வழிகாட்டி

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், சுற்றுவட்டாரக் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு தைப்பூசத்துக்கு முன்பு, பால்குடமும் காவடியும் எடுப்பவர்கள் பெயர் பதிந்துகொள்வதற்காக பிஎச்பி மொழியில் தளம் கட்ட உதவும் சட்டகமான லாராவெல்லில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடையிலுள்ள ஃபைபர் இணைப்பில் அது ஒரு குறையுமின்றி ஓடியது. மறுநாள் மாலை தோட்டத்திலிருந்து ஓர் அக்கா அழைத்தார்: "தம்பி, நாள் போடுற இடத்த தொட்டா ஒன்னுமே வரமாட்டேங்குது." நான் திறந்தால் நாள்காட்டி விரிகிறது, அவருடைய கைப்பேசியில் விரியவில்லை.

செம்பனை நிரைகளைத் தாண்டி அந்த லயத்துக்கே போய், அவருடைய கைப்பேசியைக் கம்பி வழியாக என் மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சுருக்கிய கோப்பு சுமார் 87 கிலோபைட். அதை நம்பியிருந்த நாள்காட்டிப் பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) வெறும் 12 கிலோபைட். பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று இரண்டுக்கும், வந்ததுமே இயங்கச் சொல்லும் அசிங்க் என்ற பண்பை நான் கொடுத்திருந்தேன். கடையில் ஜேகுவெரி ஏற்கெனவே உலாவியின் சேமிப்பில் இருந்ததால் அதுவே முந்திக்கொண்டது. சிக்னல் ஒரே கோடாக நின்ற லயத்தில் சின்னக் கோப்பு முதலில் வந்து, ஜேகுவெரியைத் தேடி, காணாமல், பிழையோடு நின்றுவிட்டது. பிழை தோட்டத்து இணைப்பில் இல்லை; இணைப்பு எப்படியிருந்தாலும் வரிசை மாறாதபடி நான் எழுதாமல் விட்டதில்தான் இருந்தது. அந்த வரிசையை எப்படி எழுதுவது என்பதை, இன்று ஒவ்வொரு தளத்துக்கும் நான் செய்யும் முறைப்படியே இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: உலாவியின் வழக்கத்தை அறிந்துகொள்ளுதல்

பக்கத்தின் மூல வரிகளான எச்டிஎம்எல்லை உலாவி மேலிருந்து கீழாக வாசிக்கிறது. வழியில் பண்பு எதுவும் சேர்க்காத சாதாரண ஸ்கிரிப்ட் எதிர்ப்பட்டால், வாசிப்பை நிறுத்தி, அந்தக் கோப்பைத் தருவித்து, இயக்கி முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல்ஷீட் எதிர்ப்பட்டால் வாசிப்பு நிற்பதில்லை. ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியான ஹெட்டிலுள்ள ஸ்டைல்ஷீட் வந்து சேரும்வரை திரையில் பக்கம் வரையப்படுவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே பலர் கவனிக்காத ஓர் உறவு உண்டு. ஒரு ஸ்டைல்ஷீட் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது அதற்குக் கீழே சாதாரண ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தால், அந்த ஸ்கிரிப்ட் கைக்கு வந்துவிட்டாலும், ஸ்டைல்ஷீட் முடியும்வரை உலாவி அதை இயக்காது. ஒரு பெட்டியின் அகலம் என்ன, நிறம் என்ன என்று அந்த ஸ்கிரிப்ட் கேட்கக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து எழுத்துருவுக்கான ஸ்டைல்ஷீட்டை ஹெட்டின் உச்சியில் வைத்து, அந்த சர்வர் தாமதித்தால், உங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளும் அதன் பின்னால் காத்து நிற்கும். தமிழ் எழுத்துருக்களை நான் தளத்தின் சர்வரிலேயே வைப்பதற்கு இதுதான் முதற்காரணம்.

ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் பண்புகளில் டிஃபர், அசிங்க் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவாராம். யார் முதலில் வந்து நின்றாலும் ஏட்டில் உள்ள வரிசைப்படிதான் பெயர் விழும் என்பார் பாட்டி. டிஃபர் அப்படிப்பட்டது: கோப்புகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும், பக்கம் முழுவதும் வாசிக்கப்பட்ட பிறகு, எழுதிய வரிசையிலேயே இயங்கும். வந்தவர் வந்தபடியே நிரைக்குப் போய்விடுவது அசிங்க். வேறு எதையும் நம்பியிராத, வேறு எதுவும் தன்னை நம்பியிராத ஸ்கிரிப்டுக்கு மட்டுமே அது பொருந்தும். வருகையாளர் எண்ணிக்கைக் கருவி அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

மூன்றாவதாக, வேறு கோப்புகளை இம்போர்ட் வரியால் தருவித்துக்கொள்ளக்கூடிய மாட்யூல் வகை ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதற்கு டிஃபர் எழுத வேண்டியதில்லை. அது தானாகவே டிஃபர் போல நடந்துகொள்ளும். டிஃபர் பெற்ற சாதாரண ஸ்கிரிப்டுகளும் மாட்யூல்களும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன என்பதையும், அவை அனைத்தும் முடிந்த பிறகுதான் பக்கம் வாசித்து முடிந்தது என்று உலாவி அறிவிக்கும் டாம்-கன்டென்ட்-லோடட் என்ற நிகழ்வு நடக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் இது தேவைப்படும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய சாதாரண ஸ்கிரிப்டுக்கு டிஃபர் கொடுத்தால் உலாவி அதைப் பொருட்படுத்தாது.

இரண்டாம் படி: எதற்கு எது வேண்டும் என்று எழுதிவைத்தல்

எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எல்லாக் கோப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கு முன்பே இருக்க வேண்டியவற்றை எழுதுங்கள். காவடிப் பதிவுப் பக்கத்துக்கு என் தாளில் இருந்தவை சிலவே: பிளகினுக்கு ஜேகுவெரி வேண்டும், நாள்காட்டியின் மலாய் மொழிக் கோப்புக்குப் பிளகின் வேண்டும், பக்கத்தின் சொந்த ஸ்கிரிப்டுக்கு இவை மூன்றும் வேண்டும், பிளகினின் ஸ்டைல்ஷீட்டை நாம் மாற்றியமைப்பதால், தளத்தின் ஸ்டைல்ஷீட் அதற்குப் பிறகு வர வேண்டும். மொழிக் கோப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பிளகினுக்கு முன்னால் ஏறினால் சில பிளகின்களில் பிழைச்செய்தி கூட வராது. மாதப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்.

மூன்றாம் படி: லேஅவுட்டில் இடம் ஒதுக்குதல்

லாராவெல்லின் பிளேடு வார்ப்புருவில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான லேஅவுட் கோப்பு ஒன்று இருக்கும். அதன் ஹெட்டில் எழுத்துக் குறியாக்கம், திரை அகலக் குறிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, பொதுவான ஸ்டைல்ஷீட்டுகளை (பிளகினுடையது முதலில், தளத்தினுடையது பிறகு) நேரடியாக எழுதி, அவற்றின் கீழே ஸ்டைல்ஸ் என்ற பெயரில் ஒரு @ஸ்டாக், அதாவது அடுக்கு, வையுங்கள். பக்கத்தின் உடற்பகுதியான பாடி முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்கிரிப்ட்ஸ் என்ற பெயரில் இன்னொரு @ஸ்டாக் வையுங்கள். தனித்தனிப் பக்கங்கள் தமக்கு வேண்டியதை @புஷ் மூலம் இந்த இரண்டு இடங்களுக்கும் அனுப்பும்.

லேஅவுட்டின் பொதுக் கோப்புகளையும் @புஷ் செய்துவிடலாமே என்று தோன்றலாம். செய்யாதீர்கள். @எக்ஸ்டெண்ட்ஸ் என்ற வரி பக்கத்தின் முதல் வரியாக இருந்தாலும், லாராவெல் பக்கத்தை முழுவதும் இயக்கிய பிறகே லேஅவுட்டை இயக்குகிறது. எனவே பக்கம் அனுப்பியது அடுக்கில் முன்னால் விழுந்துவிடும்; லேஅவுட் அனுப்பியது அதற்குப் பின்னால் போய் நிற்கும். அடிப்படை நூலகம் பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குப் பிறகு வருவது இப்படித்தான். பொதுவானதை @ஸ்டாக் வரிக்கு மேலே நேரடியாக எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

இன்னொரு பொறி இதைவிட ஆழமானது. லேஅவுட்டின் பாடிக்குள் மெனுவுக்காக ஒரு துண்டுக் கோப்பை @இன்க்ளூட் செய்கிறீர்கள். அந்தத் துண்டு தனக்குரிய ஸ்டைல்ஷீட்டை ஸ்டைல்ஸ் அடுக்குக்கு @புஷ் செய்கிறது. ஆனால் ஹெட்டிலிருந்த @ஸ்டாக் அதற்கு முன்பே தன் உள்ளடக்கத்தைக் கொட்டி முடித்துவிட்டது. பிறகு அனுப்பியது எங்கும் வராது, பிழைச்செய்தியும் வராது. பக்கத்திலிருந்து @புஷ் செய்தால் வருகிறது, லேஅவுட்டின் துண்டிலிருந்து செய்தால் வரவில்லை என்று குழம்பி நான் ஒரு முழு இரவைச் செலவிட்டிருக்கிறேன். லேஅவுட்டுக்குள் இருக்கும் துண்டுகளின் ஸ்டைல்களைப் பொது ஸ்டைல்ஷீட்டிலேயே சேர்த்துவிடுவது சரியான வழி. அவை எல்லாப் பக்கத்திலும் தேவைப்படுபவைதாமே.

நான்காம் படி: அனுப்புவதிலும் ஒழுங்கு

@புஷ் பின்னால் சேர்க்கும்; @ப்ரிபெண்ட் முன்னால் சேர்க்கும். ஒரே அடுக்குக்கு இரண்டு முறை @ப்ரிபெண்ட் செய்தால், பின்னர் எழுதியதே முதலில் வந்து நிற்கும். ஜேகுவெரியை முன்னால் செருகி, அடுத்த வரியில் பிளகினையும் முன்னால் செருகினால் வரிசை தலைகீழாகிவிடும். ஒன்றையொன்று நம்பியிருக்கும் கோப்புகளை ஒரே @புஷ் தொகுதிக்குள், தாளில் எழுதிய வரிசையிலேயே அடுத்தடுத்து எழுதுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். @ப்ரிபெண்டை நாடும் நிலை வந்தால், பெரும்பாலும் அந்தக் கோப்பு லேஅவுட்டுக்கே போக வேண்டியது என்று பொருள்.

குடும்பத்தில் எத்தனை பேர் பால்குடம் எடுக்கிறார்களோ அத்தனை முறை படிவத் துண்டு பக்கத்தில் வரும். ஒவ்வொரு முறையும் நாள்காட்டி ஸ்கிரிப்ட் அனுப்பப்பட்டால், நான்கு பேருக்கு நான்கு முறை அது ஏறி இயங்கும். இதைத் தடுக்க @புஷ்-ஒன்ஸ் இருக்கிறது. ஆனால் இரு வேறு துண்டுக் கோப்புகள், பால்குடத்துக்கு ஒன்றும் காவடிக்கு ஒன்றுமாக, அதே ஸ்கிரிப்டை அனுப்பினால் லாராவெல் அவற்றைத் தனித்தனியாகவே கருதும். அப்போது இரண்டிலும் @புஷ்-ஒன்ஸுக்கு இரண்டாவது மதிப்பாக ஒரே அடையாளப் பெயரைக் கொடுக்க வேண்டும். கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் பார்ப்பவருக்கும் விளங்கும்.

இந்த நான்கு படிகளையும் செய்து, அசிங்க் இருந்த இடங்களில் டிஃபர் இட்டதுமே அந்த அக்காவின் கைப்பேசியில் நாள்காட்டி விரிந்தது. அடுத்த ஆண்டு அதே தளத்தை, ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுத்துக் கட்டித் தரும் வீட் கருவிக்கு மாற்றியபோது வேறொரு வடிவில் அதே பிழை திரும்பி வந்தது.

ஐந்தாம் படி: வீட் கொண்டுவரும் மாற்றங்கள்

2022-இல் லாராவெல் 9.19 பதிப்பிலிருந்து, புதிய திட்டங்களில், அதே வேலையைச் செய்துவந்த பழைய மிக்ஸ் கருவிக்குப் பதிலாக வீட் இடம்பெற்றது. லேஅவுட்டின் ஹெட்டில் @வீட் என்ற ஒரே வரியில் சிஎஸ்எஸ் (ஸ்டைல்ஷீட்) கோப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் குறிப்பிட்டால் போதும். எந்த வரிசையில் கொடுத்தாலும் ஸ்டைல்ஷீட் இணைப்புகளை முதலிலும் ஸ்கிரிப்டுகளைப் பிறகும் லாராவெல் எழுதித் தரும். இதுவரை நல்லதே.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஸ்கிரிப்ட் மாட்யூல் வகையாக எழுதப்படுகிறது. மிக்ஸ் காலத்தில் ஹெட்டிலோ பாடியின் அடியிலோ நின்ற சாதாரண ஸ்கிரிப்ட் தன் இடத்திலேயே இயங்கி முடித்துவிடும். அதற்குக் கீழே பக்கத்துக்குள் எழுதிய ஜேகுவெரி வரிகள் நிம்மதியாக ஓடும். மாட்யூலோ பக்கம் முழுதும் வாசிக்கப்படும்வரை காத்திருக்கும். பக்கத்துக்குள் எழுதிய பழைய வரிகள் அதற்கு முன்பே இயங்கிவிடுவதால், டாலர் குறி (ஜேகுவெரியின் சுருக்கப் பெயர்) வரையறுக்கப்படவில்லை என்ற பிழை, உலாவியின் பிழைச்செய்திகள் தெரியும் கன்சோலில் சிவப்பாக நிற்கும். ஸ்கிரிப்ட் ஹெட்டில்தானே இருக்கிறது, முன்னால்தானே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. எழுதிய இடம் வேறு, இயங்கும் நேரம் வேறு.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்டையும் மாட்யூல் வகையாக்கினால், அது @வீட் தந்த மாட்யூலுக்குப் பின்னால் அதே வரிசையில் போய் நிற்கும். அல்லது அந்த வரிகளை டாம்-கன்டென்ட்-லோடட் நிகழ்வுக்குள் வைக்கலாம். மூன்றாவது வழி, பக்கத்துக்குள் ஸ்கிரிப்டே எழுதாமல், தேவையான மதிப்புகளை டேட்டா பண்புகளாக எச்டிஎம்எல் உறுப்பிலேயே வைத்து, அவற்றை வாசிக்கும் வேலையைப் பொது ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது. திருவிழா தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் நான் அப்படித்தான் உள்ளீட்டுப் பெட்டியின் பண்புகளாக வைக்கிறேன். வேலை சற்றுக் கூடும். ஆனால் பக்கங்கள் பெருகும்போது வரிசையைப் பற்றிய கவலை ஒரே இடத்தில் அடங்கிவிடும். முதல் வழியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாட்யூலுக்குள் எழுதிய செயற்கூறு வெளியே தெரியாது. பொத்தானின் ஆன்-கிளிக் பண்பிலிருந்து அதை அழைத்தால் கிடைக்காது. பக்கம் முழுவதற்கும் பொதுவான விண்டோ பொருளில் வெளிப்படையாக இணைத்தால்தான் கிடைக்கும்.

மாட்யூலுக்குள்ளேயே இன்னொரு வரிசைப் பிழை ஒளிந்திருக்கிறது; இதை விரிவாகவே சொல்கிறேன். பழைய ஜேகுவெரிப் பிளகின்கள் விண்டோ பொருளில் ஜேகுவெரி இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஆகவே பொது ஸ்கிரிப்டில் முதல் வரியில் ஜேகுவெரியை இம்போர்ட் செய்து, இரண்டாம் வரியில் அதை விண்டோவில் இணைத்து, மூன்றாம் வரியில் பிளகினை இம்போர்ட் செய்கிறோம். கண்ணுக்கு வரிசை மிகச் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு கோப்பின் எல்லா இம்போர்ட் வரிகளும், அவை எங்கே எழுதப்பட்டிருந்தாலும், அந்தக் கோப்பின் மற்ற வரிகளுக்கு முன்பே நிறைவேற்றப்படும் என்பது மாட்யூலின் விதி. அதனால் முதல் வரியும் மூன்றாம் வரியும் முடிந்த பிறகுதான் இரண்டாம் வரி நடக்கிறது. பிளகின் வெறும் விண்டோவைப் பார்த்துவிட்டுப் பிழையோடு நிற்கிறது. தீர்வு எளியது: முதல் இரண்டு வரிகளையும் தனிக் கோப்பாக்கி, பொது ஸ்கிரிப்டில் அந்தக் கோப்பை முதலிலும் பிளகினை அடுத்தும், மொழிக் கோப்பை அதற்கடுத்தும் இம்போர்ட் செய்யுங்கள். இம்போர்ட்டுகள் தமக்குள் எழுதிய வரிசையைக் காப்பவை. ஒவ்வொரு கோப்பும் முழுதாக இயங்கிய பிறகே அடுத்தது தொடங்கும்.

சிஎஸ்எஸ் கோப்பை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக இம்போர்ட் செய்யாமல், @வீட் வரியில் தனியாகக் குறிப்பிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் செய்தால், தளத்தை நாம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் ஸ்கிரிப்ட் இயங்கிய பிறகே ஸ்டைல் பக்கத்துக்குள் வரும். பக்கம் ஒரு கணம் ஆடை இல்லாமல் தோன்றி மறையும்.

ஆறாம் படி: ஸ்டைல்களின் முன்னுரிமை

ஸ்டைல்ஷீட்டுகளில் வரிசையின் பொருள் வேறு. எந்த உறுப்புக்கு என்று குறிக்கும் தேர்வியின் வலிமை இரண்டு விதிகளிலும் சமமாக இருந்தால் பின்னால் வந்தது வெல்லும். வலிமை சமமில்லையென்றால் வரிசை எதையும் தீர்மானிக்காது. பிளகின் தன் நாள்காட்டிக்கு மூன்று கிளாஸ் பெயர்களை அடுக்கி விதி எழுதியிருக்கும்போது, நம் ஸ்டைல்ஷீட்டை எத்தனை அடி கீழே இறக்கினாலும் ஒற்றைக் கிளாஸ் விதி தோற்கும். அப்போது பலர், விதியை வலுக்கட்டாயமாக வெல்ல வைக்கும் இம்பார்ட்டன்ட் குறியைக் கையிலெடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் கோப்பு முழுவதும் அந்தக் குறியாகவே இருக்கும்.

2022 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கும், விதிகளை முன்னுரிமை அடுக்குகளாகப் பிரிக்கும் @லேயர் இதற்கு ஏற்ற வழி. பொது ஸ்டைல்ஷீட்டின் முதல் வரியில் லேயர்களின் பெயர்களை முன்னுரிமை வரிசையில் அறிவித்துவிட்டால், பிறகு எந்த லேயர் எந்த இடத்தில் எழுதப்பட்டாலும் அறிவித்த வரிசையே செல்லும். சிஎஸ்எஸ் பெயர்களில் தமிழ் எழுத்துகளுக்கு இடமுண்டு என்பதால் நான் தமிழிலேயே எழுதுகிறேன்:

@layer அடிப்படை, நூலகம், தளம், பக்கம்;

பிளகினின் ஸ்டைல்ஷீட்டை நூலகம் என்ற லேயருக்குள் இம்போர்ட் செய்துவிட்டால், அதன் மூன்று கிளாஸ் விதியை, தளம் என்ற லேயரிலுள்ள நம் ஒற்றைக் கிளாஸ் விதி வென்றுவிடும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எந்த லேயரிலும் சேராத விதிகள் லேயரில் உள்ள எல்லாவற்றையும் வெல்லும். ஆகவே ஏதேனும் ஒரு பக்கத்திலிருந்து @புஷ் செய்யும் ஸ்டைலையும் பக்கம் என்ற லேயருக்குள் எழுத மறக்காதீர்கள். இம்பார்ட்டன்ட் குறி உள்ள விதிகளுக்கு லேயர் வரிசை தலைகீழாகிவிடும். நூலகத்தின் இம்பார்ட்டன்ட், தளத்தின் இம்பார்ட்டன்டை வெல்லும்.

தமிழ் எழுத்துருவை முன்கூட்டியே தருவிக்க பிரிலோட் இணைப்பு எழுதினால் கிராஸ்-ஆரிஜின் பண்பையும் சேருங்கள். எழுத்துரு உங்கள் சர்வரிலேயே இருந்தாலும் அது வேண்டும், இல்லையென்றால் அதே எழுத்துரு இரண்டு முறை இறங்கும்.

ஏழாம் படி: மெதுவான இணைப்பில் சோதித்தல்

உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சேமிப்பை முடக்கி, வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். கன்சோலில் சிவப்பு வரி எதுவும் வரக் கூடாது. அடுத்து, ஜேகுவெரிக் கோப்பு தனியாக இருந்தால் அதை மட்டும் தடுத்துவிட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பகுதிகள் செயலிழக்கின்றனவோ அவையே உண்மையில் அதை நம்பியிருப்பவை. இரண்டாம் படியில் எழுதிய தாளோடு இதை ஒப்பிட்டால், மறந்துபோன சார்பு ஒன்றாவது கண்ணில் படும்.

இந்தச் சோதனையை எழுதும் காலத்துச் சர்வரில் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். பில்ட் கட்டளையை ஓட்டி உருவான கோப்புகளோடு மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். சிஎஸ்எஸ் துண்டுகள் ஒன்றாகக் கட்டப்படும்போது வரிசை மாறியிருந்தால் இங்கேதான் வெளிப்படும். கடைசியாக, சர்வரின் பப்ளிக் கோப்புறையில் ஹாட் என்ற சிறு கோப்பு தவறிப்போய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், எழுதும் காலம் இன்னும் முடியவில்லை என்று லாராவெல் எண்ணிக்கொண்டு, எல்லா ஸ்டைல்களையும் ஸ்கிரிப்டுகளையும் லோக்கல்ஹோஸ்ட் 5173 என்ற முகவரியில் தேடும்படி பக்கத்தை எழுதிவிடும். என் மடிக்கணினியில் வீட் ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்குப் பக்கம் அழகாகத் தெரியும், தோட்டத்திலிருக்கும் அக்காவுக்கு வெறும் எழுத்துகள்தான் தெரியும். அந்தக் கோப்பு இல்லையென்று பார்த்து, மடிக்கணினியில் வீட்டை நிறுத்தி, கைப்பேசியின் சொந்த இணைப்பில் பக்கத்தைத் திறந்து நாள்காட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்த பிறகே, கோயில் செயலாளருக்கு முகவரியை அனுப்புகிறேன்.